வாழையிலையில் ஆறு டிஸ்க்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததல்ல. இரண்டு பக்கக் குறிப்பாகப் பிறந்து, வழி தவறி இங்கே வந்து நிற்கிறது.

ஒரத்தநாடு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் 'கவி டி.டி.பி. & ஜெராக்ஸ்' என்று ஒரு கடை இருக்கிறது. அதில் உட்கார்ந்திருப்பவள் நான். பெயர் கவிப்ரியா. இப்படிப் பெயர் வைத்துவிட்டு பேங்க் பரீட்சை எழுது என்றால் யார் எழுதுவார்கள்? கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, காதணி விழா பேனர், கலெக்டருக்கு மனு எல்லாம் எழுதுவேன். நடுவில் நேரம் கிடைத்தால் கதை. பக்கத்துக் கட்டடத்தில் கறவை மாடு வளர்ப்போர் சங்கம் இருக்கிறது. அவர்களுடைய சுற்றறிக்கை, தீர்மானம், அழைப்பிதழ் எல்லாவற்றுக்கும் தமிழ் என்னுடையது. கையெழுத்து மட்டும் தலைவர் சிங்காரவேலுவுடையது.

போன திங்கட்கிழமை அவர் கடைக்கு வந்தார்.

"கவிப்ரியா, சனிக்கிழமை பத்து மணிக்குப் பொதுக்குழு. ரெண்டு பக்கம் எழுதிக் குடும்மா. மொத பக்கத்துல, நம்ம சர்வருக்கு சாஃப்ட்வேர் நல்லதா ஹார்டுவேர் நல்லதான்னு எங்களுக்கெல்லாம் புரியற மாதிரி. ரெண்டாவது பக்கத்துல, ஆயுத பூஜை அன்னைக்கு நடந்தது யாரால நடந்துச்சுன்னு."

"யாரால நடந்துச்சு தலைவரே?"

"அன்பரசனாலதான். வேற யாரால? நீ முறையா எழுதிடு. கூட்டத்துல படிச்சிட்டு அவரை வேலைய விட்டு அனுப்பிடலாம்."

முதல் பக்கத்தைச் செவ்வாய்க்கிழமையே முடித்துவிட்டேன். நீங்கள் படித்துக்கொண்டிருப்பது இரண்டாம் பக்கம். கொஞ்சம் நீண்டுவிட்டது.

(அன்பரசன், சங்கத்தின் அலுவலக உதவியாளர். வயது ஐம்பத்தேழு. முப்பத்தொரு வருடமாகச் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவர். அவருடைய வேலை போகுமா, போகாதா? இந்தக் கதையில் தொங்கிக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். பின்னால் மாடு, கன்று என்று உங்களை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போவேன். மறந்துவிடாதீர்கள்.)

நடந்ததில் எனக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. அதை நான்காம் பகுதியில் சொல்கிறேன்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

தொடக்கம் ஒன்று: 'காவிரித் தாய் தன் கிளைக் கரங்களை நீட்டி அணைத்திருக்கும் இந்தப் பசுமை பூத்த மண்ணிலே, ஒரு பொன்மாலைப்' — வேண்டாம். இது பேனர் வாசகம். போன மாதம்தான் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்கு இதைக் கொடுத்தேன். தவிரவும் எங்களுக்குத் தண்ணீர் வருவது புது ஆற்றில். வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டிய கால்வாய். அதைத் தாய் என்று யாரும் கூப்பிட்டதில்லை. ஐப்பசிக்குள் வந்து சேர்ந்தால் போதும் என்றிருப்போம்.

தொடக்கம் இரண்டு: 'தரவுத்தளச் சேவையகங்களுக்கான வட்டு அணிகளைத் தேர்வு செய்தல் குறித்து.' இதைச் சங்கத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஷோபனாவிடம் படித்துக் காட்டினேன்.

"அக்கா, இது தமிழா?" என்றாள்.

சத்தியமாகத் தமிழ்தான். பேசுகிறவர்கள்தான் இன்னும் பிறக்கவில்லை.

தொடக்கம் மூன்று: 'வாழையிலையில் ஆறு டிஸ்க்குகள் கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் சந்தனம், நடுவில் குங்குமம்.'

இது பரவாயில்லை. தவிர, இது நடந்தது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

அந்த ஆறு டிஸ்க்குகளில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும்.

சங்கத்தில் பதிந்திருக்கும் பன்னிரண்டாயிரம் மாடுகளின் ஜாதகம் இருந்தது. ஒவ்வொரு மாட்டின் காதிலும் மஞ்சள் வில்லை ஒன்று குத்தியிருப்பார்கள். அதில் ஒரு எண். அந்த எண்ணைத் தட்டினால் மாடு யாருடையது, சினை ஊசி போட்டது எந்தத் தேதி, இது எத்தனையாவது ஈற்று (மாட்டுக்குப் பிரசவம்), போன ஈற்றில் என்ன தொல்லை எல்லாம் வரும். மாடு கை மாறினாலும் எண் மாறாது. எங்கள் பக்கத்தில் மனிதர்களுக்குக் கூட இவ்வளவு ஒழுங்கான பதிவு கிடையாது.

இந்தச் சர்வரைப் பார்த்துக்கொள்பவள் ஷோபனா. சென்னையில் எட்டு வருடம் பெரிய கம்பெனியில் இதே வேலை பார்த்தவள். கல்யாணமாகி ஊருக்கு வந்தாள். வந்ததும் சங்கத்தின் அறைக்குள் இருந்த பெட்டியைத் திறந்து பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாளாம்.

இப்போது அந்தப் பெரிய கேள்வி. ஆறு டிஸ்க் இருக்கிறது, மூன்று ஜோடி. ஜோடியில் ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கும். இந்த ஏற்பாட்டுக்கு ரெய்டு என்று பெயர். (இந்தச் சொல்லை ஒரு முறை கூட்டத்தில் சொன்னதற்குப் பொருளாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டார். அதிலிருந்து யாரும் சொல்வதில்லை.) ஆறையும் கட்டி மேய்ப்பது யார் என்பதுதான் தகராறு. அதற்கென்றே ஒரு தனிக் கார்டு வாங்கிச் செருகலாம். அது ஹார்டுவேர். அல்லது கம்ப்யூட்டரில் இருக்கும் நிரலே பார்த்துக்கொள்ளும். அது சாஃப்ட்வேர்.

முதல் பக்கத்தில் நான் இப்படி எழுதினேன்: நடவுக்கு ஆறு பெண்கள் வருகிறார்கள். ஹார்டுவேர் என்றால் அவர்களுக்கு ஒரு மேஸ்திரி உண்டு. யார் எங்கே நிற்க வேண்டும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் படுத்துவிட்டால் ஆறு பேரும் வரப்பில் உட்கார்ந்திருப்பார்கள். சாஃப்ட்வேர் என்றால் மேஸ்திரி கிடையாது. தன் இடம் எது, தன் ஜோடி யார் என்று ஒவ்வொருத்தியும் தன் கையிலேயே குறித்து வைத்திருப்பாள். எந்த வயலில் இறக்கிவிட்டாலும் வரிசை பிடித்துக்கொள்வார்கள்.

ஷோபனாவுக்கு இது பிடித்துவிட்டது. மீரா உசேனுக்குப் பிடிக்கவில்லை.

மீரா உசேன் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர். (பெயரைப் பார்த்துப் பெண் என்று நினைத்தவர்கள் திருத்திக்கொள்ளவும். ஆறடி உயரம், நரைத்த தாடி, முத்துப்பேட்டைக்காரர்.) சவுதியில், தம்மாமில் ஒன்பது வருடம் சர்வர் அறையில் வேலை பார்த்தவர். அவர் கட்சி ஹார்டுவேர்.

"கவிம்மா, மேஸ்திரி இல்லாம நடவு நட்டா வயக்காரர்தான் வெயில்ல நின்னு பாக்கணும். அவர் சொந்த வேலைய யாரு செய்வா? அந்தப் பாரத்தை எடுத்துக்கத்தான் கார்டு. அதுல பேட்டரி இருக்கு. கரெண்டு போனாலும் பாதியில நின்ன எழுத்தை மறக்காது."

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி மறந்துச்சே பாய்" என்றாள் ஷோபனா.

அது நடந்ததுதான். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில் இடி இறங்கி, அவர் விற்ற கார்டு கருகிவிட்டது. டிஸ்க்குகள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அதே வகைக் கார்டு இல்லாமல் அவற்றைப் படிக்க முடியவில்லை. அந்த வகை நின்றுபோய் நாளாகிவிட்டது. மீரா உசேன் சென்னையில் கடை கடையாக ஏறி இறங்கி, பழைய கார்டு ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டுவர இருபத்துமூன்று நாள் ஆனது. அந்த இருபத்துமூன்று நாளில் எந்த மாட்டின் தேதியும் யாருக்கும் தெரியவில்லை. மேலையூர் ரோட்டில் தர்மாம்பாள் என்று ஒருவர். அவருடைய மாட்டுக்குக் கன்று குறுக்கே திரும்பியிருந்தது. டாக்டர் வந்து சேருவதற்குள் கன்று செத்துவிட்டது.

மீரா உசேன் அந்த வீட்டு வழியாகப் போவதில்லை. சுற்றிக்கொண்டு போவார்.

(இந்த வரியை எழுதிவிட்டு எனக்கே சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்லவராக ஒரு வியாபாரி இருந்தால் வாசகர் நம்புவாரா? கொஞ்சம் அழுக்காக்கலாம் என்று பார்த்தேன். 'அவர் கண்களில் ஒரு கள்ளச் சிரிப்பு' என்று எழுதினேன். அன்று மாலையே அவர் கடைக்கு வந்து, என் பிரிண்டரில் சிக்கியிருந்த தாளைக் கேட்காமலே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

இந்த முறை புதுச் சர்வர் வாங்கியாயிற்று. ஷோபனா ஒரு மாதத்துக்குச் சாஃப்ட்வேரில் ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் கார்டு வேண்டுமா வேண்டாமா என்று பொதுக்குழு முடிவு செய்யும். அந்த ஒரு மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது ஆயுத பூஜை வந்தது.

4

என் பங்கை நான்காம் பகுதியில் சொல்வதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் இப்போது சொன்னால் கதையின் ஓட்டம் கெடும். ஏழில் சொல்கிறேன்.

பூஜை அன்று காலை பதினோரு மணிக்குச் சங்கத்தின் முன்கூடத்தில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். தலைவர், ஷோபனா, ஒவ்வொரு வருடமும் பொரி வாங்கிப்போக வரும் மீரா உசேன், பொரியோடு சுண்டலும் வாங்கிப்போக வரும் நான். ஷோபனாவும் மீரா உசேனும் வழக்கம்போல ஆரம்பித்துவிட்டார்கள். எது டிஸ்க்குகளை நன்றாகப் பாதுகாக்கும் என்று.

"ஒரே நேரத்துல எத்தனை டிஸ்க் போகும்னு நெனைக்கறீங்க பாய்? ஒண்ணு போகும். மிஞ்சிப் போனா ரெண்டு."

"ஆறும் ஒண்ணாப் போச்சுன்னா?"

"ஆறும் எப்படிப் போகும்? யாராவது உருவிப் போட்டாத்தான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த நேரத்தில் பின்னறையில் அன்பரசன் ஐந்தாவது டிஸ்க்கை உருவிக்கொண்டிருந்தார்.

இப்போதைய சர்வர்களில் டிஸ்க்குகளை முன்பக்கமாகவே உருவலாம். திருப்புளி வேண்டாம். ஒரு கொக்கி, ஒரு இழு. ஓடிக்கொண்டிருக்கும்போதே உருவலாம். கெட்டுப்போனதை மாற்றுவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். சர்வர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர் ஒவ்வொன்றாக உருவி, வெள்ளைத் துணியால் துடைத்து, பொட்டு வைத்து, தலைவாழை இலையில் வரிசையாக அடுக்கினார். சர்வருக்குப் பக்கத்தில் பேக்கப் டிஸ்க் ஒன்று செருகியிருந்தது. அதையும் கழற்றினார். அது சந்தனக் கையில் வழுக்கி சிமெண்டுத் தரையில் விழுந்தது. எடுத்துத் துடைத்து அதற்கும் பொட்டு வைத்தார். அது அதற்கப்புறம் ஓடவில்லை.

(ஷோபனா பிறகு சொன்னது: "தப்பு எம்மேலயும் இருக்கு அக்கா. பேக்கப் ஒண்ணே ஒண்ணு, அதுவும் அதே மேஜையில. சென்னையில யாராவது இப்படிச் செஞ்சா நானே திட்டியிருப்பேன்.")

பன்னிரண்டு மணிக்குச் சூடம் காட்டினார்கள். தலைவர் தன் கையாலேயே எல்லாக் கருவிகளுக்கும் பன்னீர் தெளித்தார். டிஸ்க் கழற்றிய ஆறு வாய்களும் திறந்திருந்த சர்வருக்குக் கொஞ்சம் தாராளமாகவே தெளித்தார். ஷோபனா அப்போதுதான் இலையைப் பார்த்தாள்.

கத்தவில்லை. "பாய்" என்று மட்டும் சொன்னாள். மீரா உசேன் திரும்பிப் பார்த்தார். அவர் கையிலிருந்த பொரி அப்படியே நின்றது.

"எது எந்த இடத்துல இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா அண்ணே?" என்று ஷோபனா அன்பரசனிடம் கேட்டாள்.

"எல்லாம் ஒரே மாதிரிதானேம்மா இருக்கு" என்றார் அவர். அவர் முகத்தில் இன்னும் வேலையைச் சுத்தமாகச் செய்த திருப்தி இருந்தது.

5

இந்த இடத்தில் ஒரு மாடு வருகிறது.

இரண்டரை மணிக்குத் தர்மாம்பாள் வந்தார். அதே தர்மாம்பாள். கன்று போனதற்குப் பிறகு அந்த மாட்டை விற்றுவிட்டு, ஆடி மாதத்தில் திருவாரூர்ப் பக்கம் ஒரு உறுப்பினரிடம் சினை மாடாக வேறு ஒன்று வாங்கியிருந்தார். செவ்வந்தி என்று பெயர்.

"ஏம்மா ஷோபனா, காலையிலேருந்து படுத்துப் படுத்து எந்திரிக்குது. மடியும் இறங்கிடுச்சு. வித்தவரு கார்த்திகையிலதான் கன்னு போடும்னாரு. டாக்டருக்கு போன் பண்ணேன். தேதி என்ன, முந்தின ஈத்து எப்படின்னு கேக்கறாரு. நம்பரைப் போட்டுப் பாத்துச் சொல்லு."

விடுமுறை நாள். வட்டாரத்துக்கு ஒரே டாக்டர், ராஜ்குமார். அவர் பாப்பாநாட்டில் வேறொரு மாட்டின் பிரசவத்தில் இருந்தார். ஷோபனா போனில் பிடித்தாள்.

"நாள் ஆயிடுச்சுன்னா, முன்னாடி தொந்தரவு இருந்திருந்தா சொல்லுங்க, இதை முடிச்சிட்டு நேரா அங்க வரேன். நாள் ஆகலன்னா அது வேற பிரச்சினை, மாட்டை வண்டியில ஏத்தி வெட்னரி காலேஜுக்குக் கொண்டுபோங்க. தெரியாம ஏத்தி, வழியில போட்டுச்சுன்னா ரெண்டும் போயிடும்."

விற்றவரின் போன் அணைந்திருந்தது. எண் இருந்தது. எண்ணுக்குரிய ஜாதகம் வாழையிலையில் இருந்தது.

"எடுத்துடறேன் தலைவரே" என்று ஷோபனா இலைக்குப் பக்கத்தில் போனாள்.

"நில்லும்மா" என்றார் சிங்காரவேலு.

வெளியூர் வாசகருக்காக: பூஜையில் வைத்த கருவியை மறுநாள் விஜயதசமி அன்று எடுக்கும் வரை தொடக்கூடாது. தறிக்காரர் தறியைத் தொடமாட்டார், டிரைவர் வண்டியை எடுக்கமாட்டார். தலைவரின் அப்பா ஒரு வருடம் அவசரமென்று டிராக்டரை எடுத்து, அன்றைக்கே கால் ஒடிந்து படுத்தவர். அதனால் தலைவரை மூடநம்பிக்கைக்காரர் என்று எழுதி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அவருக்கு உண்மையாகவே பயம்.

"காலையில ஏழரைக்கு எடுத்துக்கலாம்."

"காலையில வரைக்கும் மாடு தாங்குமாய்யா?" என்று கேட்டார் தர்மாம்பாள். அவர் அழவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அழுதுவிட்டார். இப்போது புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

6

(இங்கே ஷோபனா தலைவரை எதிர்த்து ஒரு பக்கத்துக்குப் பேசுவதாக எழுதினேன். நன்றாக வந்திருந்தது. 'மாடும் ஒரு உயிர்தானே' என்று தொடங்கும். ஆனால் அவள் அப்படிப் பேசவில்லை. பேசியது மீரா உசேன்.)

"தலைவரே, நீங்க யாரும் தொட வேணாம். இதை நீங்கதானே படைச்சீங்க? நான் படைக்கலயே. நான் தொடலாம்ல?"

சிங்காரவேலு அவரைப் பார்த்தார். சாமி படத்தைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார். முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவு வந்தது.

"பாய் தொட்டா ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு, "மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

பன்னீர் போன சர்வரை ஓட்ட முடியாது, இரண்டு நாள் காய வேண்டும் என்று மீரா உசேன் சொல்லிவிட்டார். தன் கடையில் ஆறு டிஸ்க் மாட்டக்கூடிய மெஷின் ஒன்று சும்மா இருக்கிறது என்றும் சொன்னார். இதைச் சொன்னபோது அவருக்கு நன்றாகத் தெரியும். தன் கார்டு இருந்திருந்தால் இந்த டிஸ்க்குகளை வேறு மெஷினில் மாட்டிப் பயனிருந்திருக்காது. மாட்டிப் பயன் இருந்துவிட்டால், சனிக்கிழமை கூட்டத்தில் அவர் வாயைத் திறக்க முடியாது. தெரிந்தே இலையோடு தூக்கிக்கொண்டு நடந்தார். பின்னால் ஷோபனா, தர்மாம்பாள், நான், கடைசியில் கைகளைக் கட்டிக்கொண்டு அன்பரசன். பேருந்து நிலையத்தில் எங்களைப் பார்த்து ஒருவர் செருப்பைக் கழற்றினார்.

கடையில் அவர் பொட்டுகளைத் துடைக்காமலேயே ஒவ்வொன்றாக மாட்டினார். கைக்கு வந்த வரிசையில்.

"வரிசை தப்பா இருந்தா?" என்று கேட்டேன்.

"பரவால்ல அக்கா" என்றாள் ஷோபனா. "தான் யாருன்னு ஒவ்வொண்ணும் தன் மேலயே எழுதி வெச்சிருக்கு. பிரச்சினை அது இல்ல. அண்ணன் ஒண்ணொண்ணா உருவியிருக்காரு. மொதல்ல உருவினதுக்கும் கடைசில உருவினதுக்கும் நடுவுல சர்வர் எழுதிட்டே இருந்திருக்கு. அதனால ஜோடிக்குள்ளயே ரெண்டும் இப்ப வேற வேற சொல்லும்."

"அப்ப எதை நம்பறது?"

"கடைசியா எழுதினது எதுன்னு அதுலயே ஒரு எண் இருக்கும். எது பெருசோ அதை நம்பணும்."

"அந்த எண் இல்லைன்னா?"

"ரெண்டு காப்பி வேற வேற சொன்னா எது பொய்னு மெஷினுக்குத் தெரியாது அக்கா. அதுக்கு மூணாவது காப்பி வேணும்."

அப்போது இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு கட்டளை இருக்கிறதாம். 'சந்தேகமாக இருந்தாலும் சேர்த்துவை' என்று பொருள் வருகிற கட்டளை. தப்பாகப் போட்டால் இருப்பதும் கெடும். ஷோபனா ஆறு டிஸ்க்கின் எண்களையும் ஒரு தாளில் எழுதி, அதை மீரா உசேனிடம் நீட்டினாள். அவர் கண்ணாடி போட்டு மேலிருந்து கீழே படித்தார். மூன்றாவது எண்ணில் விரலை வைத்தார்.

"இதை விட்டுடு தங்கச்சி. இதான் மொதல்ல உருவினது. இதோட ஜோடிய மட்டும் நம்பு."

"சரி பாய்."

"போடு."

போட்டாள். திரையில் எழுத்துகள் ஓடின. நின்றன. பிறகு ஐந்து டிஸ்க்கும் ஒன்றாகிவிட்டன என்று ஒரு சின்ன வரி வந்தது. ஆறாவதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாமாம். ஷோபனா மாட்டின் எண்ணைத் தட்டினாள்.

செவ்வந்தி. சினை ஊசி போட்டு இன்றோடு இருநூற்று எண்பத்து நான்கு நாள். நாள் ஆகிவிட்டது. மூன்றாம் ஈற்று. முதல் இரண்டிலும் டாக்டர் வந்துதான் எடுத்தார்.

போனில் ராஜ்குமார் ஒரே வார்த்தை சொன்னார். "வரேன்."

மீரா உசேன் நாற்காலியில் சாய்ந்து தாடியைத் தடவினார். "ஒண்ணு மட்டும் சொல்றேன். என் கார்டா இருந்தா, மொத டிஸ்க்கை உருவும்போதே தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தியிருக்கும்."

அது உண்மை. அதையும் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். (முதல் பக்கத்தின் முடிவு உங்களுக்கு வேண்டுமென்றால்: சாஃப்ட்வேர் போதும். ஆனால் கத்துவதற்கு ஒரு மணி வேண்டும். பேக்கப் இன்னொரு ஊரில் இருக்க வேண்டும். மூன்றுக்கும் கீழே ஷோபனாவும் மீரா உசேனும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.)

7

கன்று என்ன ஆனது?

இதைப் பெரிய பத்திரிகைக்கு அனுப்புவதாக இருந்தால் கன்று சாக வேண்டும். டாக்டரின் பைக் மழையில் நிற்க வேண்டும், ஈரக் கண்களோடு செவ்வந்தி வாசலைப் பார்க்க வேண்டும். எழுதியும் பார்த்தேன். 'டாக்டர் வந்தபோது எல்லாம் முடிந்து' — மாட்டேன். மாலை ஆறு பத்துக்குக் கிடேரிக் கன்று. பின்கால் முன்னால் வந்து, டாக்டரும் அன்பரசனும் சேர்ந்து இழுத்தார்கள். நெற்றியில் வெள்ளைச் சுட்டி. எழுந்து நிற்க நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டது. தர்மாம்பாள் வாசலில் நின்ற மீரா உசேனைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து கன்றைக் காட்டினார். அவர் இப்போது அந்தத் தெரு வழியாகத்தான் கடைக்குப் போகிறார்.

இத்தோடு முடித்தால் நல்ல கதை. மாடு பிழைத்தது, கன்று பிழைத்தது, சண்டை போட்டவர்கள் சமாதானம் ஆனார்கள். ஆனால் தலைவர் அன்று பயந்த பயத்துக்கு ஒரு பெயர் தேவைப்படுகிறது. அந்தப் பெயரைத்தான் இரண்டாம் பக்கத்தில் எழுதச் சொல்லியிருக்கிறார்.

சரி, ஏழாம் பகுதி வந்துவிட்டது.

பூஜைக்கு ஒரு வாரம் முன்பு தலைவர் என் கடையில் நின்று சொன்னது இவ்வளவுதான்: "எல்லாத்தையும் தொடச்சிப் பொட்டு வைக்கணும்னு ஒரு சர்குலர் அடிச்சுக் குடும்மா."

நான் அடித்துக் கொடுத்தது இது:

'ஆயுத பூஜையை முன்னிட்டு, அலுவலகத்தின் பின்னறை உட்பட எங்கும் உள்ள கருவிகள் அனைத்தையும், கழற்றத் தக்கவற்றைக் கழற்றியும், துடைக்கத் தக்கவற்றைத் துடைத்தும், பொட்டிட்டுப் படையலில் வைத்தல் வேண்டும்.'

கழற்றத் தக்கவற்றைக் கழற்றச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை. துடைப்பதை மட்டும் எழுதினால் வாக்கியம் ஒரு காலில் நின்றது. இரண்டு கால் வைத்தேன். பின்னறையும் அப்படித்தான், ஓசைக்காக. எழுதி முடித்து வாய்விட்டு ஒரு முறை படித்துப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே பிரிண்ட் கொடுத்தேன். இலையில் ஆறு டிஸ்க்கைப் பார்த்த அந்த நொடியில், எல்லோருக்கும் முன்னால் எனக்குத்தான் விஷயம் புரிந்தது. நான் சுண்டலைத் தின்றுகொண்டே இருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

8

இன்று வெள்ளிக்கிழமை. நான்கு மணிக்கு அன்பரசன் கடைக்கு வந்தார். கையில் அந்தச் சுற்றறிக்கை. ஓரத்தில் மஞ்சளாகச் சந்தனக் கறை.

"இதுல ஒரு ஜெராக்ஸ் வேணும்மா."

"எதுக்குண்ணே?"

"நாளைக்குக் கேப்பாங்கல்ல. நானா செய்யல, எழுதியிருந்துச்சு, செஞ்சேன்னு காட்டணும்ல."

"யாரு எழுதினதுன்னு கேட்டா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"தலைவர் கையெழுத்துதானே இருக்கு. உம்பேரு எங்கயும் இல்ல. நான் சொல்ல மாட்டேன்."

ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன். அவர் மேஜையில் வைத்துவிட்டுப் படி இறங்கினார். இறங்கியவர் திரும்பினார்.

"நல்லா எழுதியிருந்தம்மா. படிக்கறப்பவே கை தானா வேலை செஞ்சுது."

இருபது வருடமாக எழுதுகிறேன். என் எழுத்துக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

9

இப்போது மணி ஐந்தரை. பிரிண்டர் தட்டில் இரண்டாம் பக்கத்தின் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. எல்லா வரியும் ஒன்றுதான். கடைசி வரி மட்டும் வேறு.

ஒன்றில்: 'நடந்ததற்குப் பொறுப்பு: அன்பரசன், அலுவலக உதவியாளர்.'

இன்னொன்றில்: 'நடந்ததற்குப் பொறுப்பு: சுற்றறிக்கையைக் கேட்டதற்கு மேல் எழுதிய கவிப்ரியா.'

இரண்டாவதை எடுத்துப்போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சங்கத்தின் வேலை போகும். எந்த விழாவிலும் தலைவர் என்னை 'நம்ம ஊர் எழுத்தாளர்' என்று மேடையில் கூப்பிடுவார், அது போகும். உண்மையைச் சொன்னால், அந்த மேடைதான் அதிகம் உறுத்துகிறது.

எதை எடுத்துப்போவேன் என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் என் பெயர் இருக்கும் தாளை என்றுதான் எழுதுவேன். கதையில் நல்லவளாக இருக்க ஒரு வரி போதும். நாளைக்குக் கூட்டத்தில் வேறு தாளை நீட்டினாலும், அச்சில் இருப்பது இதுதான் என்று சாதித்துவிடலாம். ஒரு பிரதி அச்சில், ஒரு பிரதி கூட்டத்தில். இரண்டும் வேறு வேறு சொன்னால் எது பொய் என்று யாருக்குத் தெரியும்?

ஷோபனா சொன்னது நினைவிருக்கிறதா? அதற்கு மூன்றாவது வேண்டும்.

முதல் பகுதியிலிருந்து நான் செய்துகொண்டிருப்பது அதைத்தான். உங்களைக் கேட்காமலே உங்களிடம் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டேன். சுற்றறிக்கை இருக்கிறது, சந்தனக் கறை இருக்கிறது, அன்பரசன் படியில் திரும்பி நின்று சொன்னதும் இருக்கிறது. நாளை பத்து மணிக்கு எனக்குத் தைரியம் வராமல் போனாலும் உங்களிடம் இருப்பதை என்னால் அழிக்க முடியாது. கடைசி வரியை நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரத்தநாடு பக்கம் வர நேர்ந்தால் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்தான் கடை. முதலில் பக்கத்துக் கட்டடத்தை எட்டிப் பாருங்கள், வாசலில் அன்பரசன் உட்கார்ந்திருக்கிறாரா என்று. இருந்தால் நீங்கள் எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், போய்விடுங்கள். இல்லையென்றால் உள்ளே வந்து, நீங்கள் எழுதிய அந்த வரியை என் முன்னால் வைத்து ஒரு ஜெராக்ஸ் கேளுங்கள். எடுத்துக் கொடுப்பேன்.